அறுபத்திரண்டு, பத்தாம் மாதம்

டொல்பின் வானின் டாஷ்போர்ட்டைக் கழற்றியபோது
உள்ளிருந்து விழுந்தவை:
நடுவில் ஓட்டையுள்ள ஒரு மஞ்சள் காசு,
பல்லுக்குத்தி ஒன்று, உறையோடு,
ஒரு கசெற்.

குகநேசன் அதை ஊதினான்.
"இது கொக்குவில் தூசி இல்லை, மணந்து பார்" என்றான்.
எனக்கு டீசல்தான் மணத்தது.

முதுகில் நீலப் பேனையால்
கோழி கிளறின மாதிரி எழுத்து.
ஓரத்தில் மட்டும் எங்களுக்கு விளங்கியது:
62.10
"அறுபத்திரண்டில ஏதடா கசெற்?"
பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் நகமளவு வெட்டி
உள்ளே ஒட்டினான்.
அற்லஸ் பேனையைச் சொருகி
தளர்ந்த நாடாவைச் சுற்றி இறுக்கினான்.
பிறகு கராஜில் ஒருவரும் பேசவில்லை.

பேஸ் கிற்றார் முதலில், வெறுங்காலோடு
மாடிப்படி இறங்கி வருவதுபோல.
பிறகு ஒரு பெண்.
அவசரமே இல்லாத குரல்.
ஏதோ கடற்கரை வீதியில் அவளுக்காக
யாரோ காரை நிறுத்தி வைத்திருக்கவேண்டும்.
பாட்டுக்குப் பாட்டு அவள் சொல்வதில்
ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது:
அனாதை. அனாதை.
இவ்வளவு சந்தோசமான மெட்டில் ஏன் அதைச் சொல்கிறாள்?

நகோயாவில் ஏழு வருசம் மீன் வெட்டிய
குருநகர் மரியநாயகம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.
"அனாதை இல்லையடா, அனத்தா.
நீ எண்டு அர்த்தம்.
பெண்சாதிமார் புருசனைக் கூப்பிடுறதும் அப்பிடித்தான்."
லேபிளைத் திருப்பினார்.
"இது அவங்கட அரசன்ர வருசக் கணக்கு.
அறுபத்திரண்டெண்டால் எங்களுக்கு எண்பத்தேழு.
பத்தாம் மாதம்."

எண்பத்தேழு ஒக்டோபர்.

நல்லூர்க் கோயிலடியில் பாய் விரிக்க இடமில்லை.
எனக்குப் பன்னிரண்டு வயது.
ஐயா சாரத்துக்குள் சுற்றி வைத்திருந்த றேடியோவில்
செய்தி மட்டும்தான் கேட்கலாம்,
ஊரடங்கு எப்போது எடுப்பார்கள் என்று அறிய.
பாட்டு வந்தால் உடனே நிப்பாட்டுவார்.
பற்றி தீர்ந்துவிடுமாம்.
பக்கத்துப் பாயில் ஒரு கைக்குழந்தை
இரவிரவாக அனத்திக்கொண்டிருந்தது.
அதே இரவுதானோ தெரியாது,
எங்கோ ஒரு விரல்
சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறது,
கொஞ்சம் பிந்தி. அதனால்
மூன்றாவது பாட்டுக்குத் தொடக்கம் இல்லை.

இதில் கோபிக்க ஒன்றும் இல்லை.
யோசித்துப் பார்த்தேன், இல்லை.

இப்போது கட்டுநாயக்கா ஓட்டம்.
வாரத்தில் மூன்று இரவு, ஆட்களை ஏற்றிப்போய்
வெறும் வானோடு திரும்புவது.
புது வான்காரர்களுக்கு வேறு யப்பான்காரி:
சாவி திருப்பியதும் எதையோ போடச் சொல்லுவாள்,
"ஓம் பிள்ளை, போடுறன்" என்பார்கள்.
என்னிடம் இவள்தான்.
மாங்குளம் தாண்டியதும் பின்சீற்றில் ஒரு பெட்டை,
கனடாப் பயணக்காரி,
தூங்காமல் போனை ஸ்பீக்கரில் பிடித்தாள்.
முதல் பாட்டுக்குப் பெயர் வந்தது. இரண்டாவதுக்கும்.
"அண்ணை, இதெல்லாம் இப்ப உலகம் முழுக்கக் கேக்குதுகள்."
மூன்றாவதுக்கு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
கிடைக்கவில்லை.
வவுனியாவில் ஒருமுறை, தம்புள்ளையில் ஒருமுறை
திருப்பிப் போடச் சொன்னாள்.
கிடைக்கவில்லை.
"பாவம் அண்ணை இவ" என்றாள்,
பாடுகிறவளை.

யப்பானிலும் இதை ஒருவரும் தேடுவதில்லைப்போல.
பதிந்த ஆள் வானை விற்றதோடு மறந்திருப்பான்,
அல்லது ஒரு மாதம் தேடியிருப்பான்,
சீற்றுக்குக் கீழெல்லாம் கைவிட்டுத் துழாவி.

விடிய நாலு மணி, ஆனையிறவு.
இரண்டு பக்கமும் தண்ணீரா உப்பா என்று தெரியாத வெள்ளை.
எதிரில் வந்த லொறிக்காரன்
லைற்றைத் தாழ்த்தாமல் கடந்து போகிறான்.
நான் மூன்றாவது பாட்டுக்கு வந்து,
பாதியிலிருந்துதான், வேறு வழியில்லை,
அவளோடு சேர்ந்து பாடுகிறேன்,
அர்த்தம் தெரிந்த பிறகும் பிழையாகவே:
அனாதை,
அனாதை.