ஈரப்பதம் பதினேழு

கழிவுநீர்க் குழிக்குத் தோண்டியபோது
பொக்லைன் பல்லில் ஒரு தாழி மாட்டியது.
வாய் பாதி உடைந்திருந்தது.
உள்ளே கருத்த மண், அடியில் ஒரு பிடி உமி.
காவலர் அஞ்சாபுலி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.
கையை விட்டுத் துழாவினேன், எலும்பில்லை.
சாவுக்கு வைத்ததல்ல இது,
பசிக்கு வைத்தது.

மேலாளருக்குப் போன் போட்டேன்.
தாசில்தாரிடம் சொல்லிக்கொள்கிறேன்,
நீ கொள்முதலை நிறுத்தாதே என்றார்.

நிறுத்தவில்லை.
கடலூருக்கு மேற்கே, கெடிலத்தின் தென்கரையில்,
நெல் கொள்முதல் நிலையத்தில்
நான் பட்டியல் எழுத்தர்.
நாற்பது கிலோ சாக்கு, தராசு,
உள்ளங்கையில் அடங்கும் ஈரமானி.
பதினேழைத் தாண்டினால்
நெல் நெல்லில்லை.

முதலில் விதைத்தவர் யாரென்று ஊர் உலகம் கேட்கும்.
எனக்கு அளந்தவனைப் பற்றித்தான் யோசனை.

மான் போன வழியெல்லாம் போய்க்கொண்டிருந்தவர்களை
இந்த ஆற்றோரத்தில் ஒரு புல் நிறுத்திவைத்தது.
நாலு மாதம் பக்கத்திலேயே இரு என்றது.
இருந்தார்கள். குடிசை போட்டார்கள்.
பிள்ளை பெற்றார்கள், மறுபடி பெற்றார்கள்.
ஒரு தை மாதம்
தின்றது போக மிஞ்சியது.

அன்றைக்கே எலி வந்திருக்கும்.
எலிக்காக மூடி, மூடிக்காகக் காவல்,
காவல்காரனுக்குப் படி,
படி கொடுத்ததை மறக்காமலிருக்க ஒருத்தன்.
வயலில் இறங்காத முதல் ஆள்.
கால் சேறாகாத என் முப்பாட்டன்.
அரண்மனை, துறைமுகம், கப்பல், கடவுளுக்குக் கல் வீடு
எல்லாம் அப்புறம் வந்தவை.

தாழியின் தோளில் நாலு கீறல்.
படித்தவர்கள் வந்து எழுத்து என்பார்கள்,
குலக்குறி என்பார்கள், கட்டுரை வரும்.
எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.
என் நோட்டின் ஓரத்திலும் அதுதான்:
நாலு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒன்று.
இதில் குறுக்குக் கோடு இல்லை.
ஐந்தாவது கூடை வரவில்லை.
அல்லது வந்தது,
எழுதப்படவில்லை.

மத்தியானம், யாரும் இல்லாத நேரம்,
அந்த உமியில் கொஞ்சம் ஈரமானியில் போட்டேன்.
இருபத்து மூன்று காட்டியது.
இத்தனை நூற்றாண்டு காத்திருந்தும்
விதிப்படி தள்ளுபடி.
சிரிப்பு வந்தது. அஞ்சாபுலி சிரிக்கவில்லை.

சாயங்காலம் கொளஞ்சி முறை.
மூன்று நாளாகத் தார்ப்பாய்க்குள் நெல்லோடு படுத்திருந்தவர்.
முந்தாநாள் பெய்த மழை அவருக்கும் பெய்திருந்தது, நெல்லுக்கும் பெய்திருந்தது.
ஐந்து மூட்டை.
மானி பதினேழு புள்ளி எட்டு என்றது.
அவர் மானியைப் பார்க்கவில்லை,
என் பேனாவைப் பார்த்தார்.

அவனும் இப்படி ஒரு கணம்
கையில் ஆணியோடு நின்றிருப்பான்.
ஈர மண்ணில் நாலு கீறியாயிற்று.
எதிரே ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு.

நாலு கோடு போட்டேன்.
குறுக்கே ஒன்றும் போட்டேன்.

கொளஞ்சி மூச்சை விட்டார்.
பிறகு, யாரும் கேட்காமலே,
பழக்கமான கையால்
முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.
மூட்டைக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது.
சொன்னேனா என்பது
இந்த நோட்டில் இல்லை.