விநாடிக்கு இருபதாயிரம் தரம்

சுவிட்சைப் போட்டால் முதலில் எழும்புவது நாய்.
மஹ்ரூஃப் முதலாளியின் கடையில்
எங்கள் ஒருவருக்கும் ஒன்றும் கேளாது.
பிஸ்டன் மட்டும் காதை மடித்துக்கொண்டு
பஞ்சிகாவத்தை வீதியைக் குறுக்கே கடந்து
எதிர்க்கடை ரேடியேட்டர் குவியலுக்குள் போய்ப் படுக்கும்.
அப்போதுதான் எனக்குத் தெரியும்,
வேலை செய்கிறது.

மேசையில் ஒரு இஞ்செக்டர்.
மோதரையிலிருந்து ஜெரோம் கொண்டுவந்தது.
வள்ளம் கறுப்பாய்க் கக்குகிறதாம்.
பாதி டீசல் எரியாமலே பின்னால் மிதந்து வருகிறதாம்.
புதுசு போடு என்றேன்.
சொல்லவில்லை, பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்.
ப வரிசை எனக்கு வாயில் நின்றுவிடும்.
"உனக்குப் பு வராது, எனக்குக் காசு வராது" என்று சிரித்தான்.

முனையில் ஐந்து துளை.
இரண்டு தலைமயிரைச் சேர்த்துக் கோர்த்தால்
மூன்றாவது வெளியே நிற்கும்.
அவ்வளவுக்குள்ளால்தான் ஒரு வள்ளம், நாலு ஆள், ஐஸ்பெட்டி
வாடைக்கடலுக்குள் போயாக வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டு என்பான் ஒரு பாஸ்.
துளையைப் பெருப்பி என்பான் இன்னொருவன்.
இரண்டு வைத்தியமும் எனக்கு நடந்திருக்கிறது.
கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில்
சொல்லு சொல்லு என்று அழுத்தினார்கள்,
வாயை நல்லாத் திற என்று தாடையைப் பிடித்தார்கள்.
வந்தது எச்சில்தான்.

கட்டுநாயக்கவில் மூடிய கார்மென்ட்ஸ் ஒன்றின்
பிளாஸ்டிக் ஒட்டும் மெஷின் இரும்பு விலைக்கு வந்தது.
அதன் வயிற்றில் பீங்கான் வில்லை இரண்டு,
டைட்டேனியக் கம்பி ஒன்று.
கம்பியின் நுனியைத் துளைக்கு நேரே நிறுத்தினேன்,
தொடாமல்.
நொசில் நடுங்கக்கூடாது.
இரும்பு இரும்பாகவே இருக்க
உள்ளே அடைபட்ட எண்ணெய் மாத்திரம் நடுங்க வேண்டும்
விநாடிக்கு இருபதாயிரம் தரம்.

உடனே வரவில்லை.
ஒரு வில்லை வெடித்தது. கம்பியில் கீறல் விழுந்தது.
முதலாளியின் சாரம் ஓட்டையானது,
அதற்கு இரண்டு கிழமைச் சம்பளத்தில் கழித்தார்.
பெருநாளுக்கு முந்தின நாள்
கடையை அரைவாசி இறக்கிவிட்டு
ஜெரோமின் இஞ்செக்டரைக் கண்ணாடிக் குழாயில் பூட்டினேன்.

சுவிட்ச் போடுமுன்:
ஒரு கோடு, கொஞ்சம் கோணலாக, பிறகு சொட்டு.
போட்டபின்:
குழாய் முழுக்கப் புகார்.
நுவரெலியா பஸ்ஸின் கண்ணாடி மாதிரி.
துளை அதே துளை. முள் அதே நூற்றெண்பதில்.
அளவுக் கிண்ணத்தில் மட்டும்
நிமிடத்துக்கு எட்டு மில்லி கூட.
வருடக்கணக்கான கரி தானாகக் கழன்று
அடியில் மிளகுத்தூளாய்க் கிடந்தது.

எதிர்க்கடைச் சுமணதாச தெருவைக் கடந்து வந்து
"மொகத களே?" என்றார்.
முதலாளி என்னைப் பார்த்தார். ஜெரோமும்.
அதிர்வு என்று சொல்லத்தான் போனேன்.
அகரம் என்னை ஏமாற்றாது என்று நினைத்தேன்.
அ–அ–அ–அ–அ–

நான் செய்து காட்டுகிறேன் என்று எண்ணிவிட்டார்கள்.
"ஆ, ஹரி ஹரி" என்று தலையாட்டினார் சுமணதாச,
மேசையில் விரலை வைத்துத் தானும் நடுக்கிப் பார்த்தார்.
முப்பத்தாறு வயதில் முதல் தடவை
என் திக்கலை ஒருவர் விளக்கமாக எடுத்துக்கொண்டார்.

கரண்ட் போனது.
புகார் கண்ணாடியில் மெல்ல இறங்கி
மறுபடியும் டீசலாகியது.
பிஸ்டன் தெருவைக் கடந்து வந்து
என் செருப்பில் தாடையை வைத்துப் படுத்தது.

இருட்டுக்குள் ஜெரோம் கேட்டான்:
"கடலில் கரண்டுக்கு எங்கே போவது?"

விடை என்னிடம் இருந்தது.
பன்னிரண்டு வோல்ட், வள்ளத்திலேயே கிடக்கிற சாமான்.
அதுவும் ப வரிசைதான்.
டோர்ச்சைத் தேடினால் எழுதிக் காட்டியிருக்கலாம்.
நான் தேடவில்லை.
அவன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
காத்திருந்தான்.