பக்கக் கண்ணாடி

விடிந்ததிலிருந்து சண்டை
என் டிரக்கின் இடப்பக்கக் கண்ணாடியோடு.

மை நீலத் தலை, எலுமிச்சம் முதுகு,
தொண்டை தொட்டு வயிறெல்லாம் பழுத்த மிளகாய்.
கைக்குள் அடங்கும் பண்டிங் குருவி.
தன்னைப் போலவே ஒருவன்
தன் எல்லைக்குள் நிற்கிறானாம்:
கொத்தும், சறுக்கும்,
ஓக் உச்சிக்குப் போய் இரண்டு வரி பாடும்,
மறுபடி பாயும்.

ஏழு மணிக்கு இறால் துறையில் இருக்கவேண்டும்.
"ஆர்லீதியா, இன்னுமா?" என்று போன்வேறு.
மகனின் காலுறையைக் கண்ணாடிக்கு மாட்டினேன்.
எதிரி ஒழிந்தான்.
தீவுக்கே கேட்டது வெற்றி.

சாவியைத் திருப்பும்போதுதான் அசைந்தது
சதுப்போரப் புதரில் ஓர் இலை.
இலையில்லை.
பச்சைப் பெண்குருவி, வாயில் பாசிநார்.
முக்கால் கூடு முடித்திருந்தாள்,
சத்தமே இல்லாமல்.

காலுறையைக் கழற்ற மறந்து
பாலம்வரை ஓட்டிவிட்டேன்,
இடப்பக்கம் வருவது யாரென்றே தெரியாமல்.