பத்து மணிச் செய்திக்கு முன்

ஒன்பது நாற்பதுக்கு
ஜூ கூன் ஊழியர் விடுதி வாசலில்
ஒரு கை உயர்ந்தது.
ஒன்பது நாற்பத்தாறுக்கு
அது என் கைப்பேசிக்குள் இருந்தது.
பதினொரு விநாடி.

முதலில் அனுப்பியவர் "தள்ளுமுள்ளு" என்றிருந்தார்.
நாத்தனார் அனுப்பியதில் "அடிதடி".
ஈசூன் புளோக் குழுவில்
"கலவரமாம், அந்தப் பக்கம் போகாதீங்க".
ஐந்தாவது, கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது:
"நம்ம பையனைக் கொன்னுட்டாங்க. பகிருங்கள்."

கை அதே கைதான்.
கீழே இருந்த எழுத்துதான்
மின்தூக்கிபோல
மாடி மாடியாய் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆங்கிலக் குறிப்பு ஒன்றரை வரி.
அதைத் தமிழில் தருவது என் வேலை.
ஆட்கள். கூட்டம். கும்பல்.
மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும்.

கும்பலை எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்
பிடோக்கில் ஒரு கீழ்த்தளத்தில்
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்த ஐந்து பேரை
அவசரத்தில் அப்படித்தான் வாசித்தேன்.
பீர் இருந்தது, ஆமாம்.
ஒருவனுக்குப் பிறந்தநாளும் இருந்தது.
அந்த வாரமே கல் இருக்கையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.
என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை.
அந்த இடத்தில் மட்டும்
சிமெண்டு இன்னும் வெளுப்பு.

இன்றைக்குத் தொலைபேசியை எடுத்தேன்.
விடுதிச் சமையற்கூடத்தில் வீரமலை:
"அடியா? யாருக்கா அடிச்சா?
பஸ்ஸு பின்னால வந்துச்சு.
ஷோஹாக் குனிஞ்சு செருப்பு வார மாட்டிக்கிட்டிருந்தான்.
டிரைவருக்குத் தெரியல.
நம்ம பூமிநாதன்தான் கையத் தூக்கிக் கத்துனான்.
நின்னுருச்சு.
அப்புறம் டிரைவர் இறங்கி வந்து கத்துனாரு, பயத்துல.
இவனும் கத்துனான், அதே பயத்துல.
இப்ப ரெண்டு பேரும் கோப்பி குடிக்கிறாங்க.
குழம்பு அடிபிடிக்குது, வச்சிடட்டா?"

காவலர் ஜமாலுதீனையும் கேட்டேன்.
அதையே மலாயில் சொன்னார்.
கோப்பி மட்டும் தேநீர் ஆகியிருந்தது.

ஒன்பது ஐம்பத்தெட்டு.
கண்ணாடிக்கு அப்பால் பிச்சையப்பன்
கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.
"ஊரே பார்த்தாச்சு.
நாம என்ன, செருப்பு வாரையா வாசிக்கிறது?"

வாசித்தேன்.
"பின்னோக்கி வந்த பேருந்தை நிறுத்த
ஊழியர் ஒருவர் கையை உயர்த்தினார்.
பேருந்து நின்றது.
எவருக்கும் காயமில்லை."
எட்டு விநாடி.
பதினொன்று ஓடிக்கொண்டிருக்கிறது,
எட்டு நடந்து போக வேண்டும்.

பிறகு வானிலை.
நாளை பிற்பகல், தீவின் மேற்கே
இடியுடன் மழை.

வீட்டுக்குத் திரும்பும்போது
டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்:
"ஜூ கூன்ல ஒருத்தன் செத்துட்டானாமே?"
"வானொலி கேட்கலையா?"

"கேட்டேனே.
நாளைக்கு மழையாம்."