நான்குக்கு மேல் எண் இல்லை

குவோப்பியோவில் நவம்பர் மூன்று மணிக்கே இருட்டும்.
நூலகத்தின் பின்னறையில் ஏழு நாற்காலி, எட்டுப் பேர்.
கூட்டம் நடத்தும் இர்மெலி
சன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.
ஏலக்காய் ரொட்டித் தட்டைத்
தொடவில்லை யாரும்.

என் முறை.
"ரய்யா. அவசர அழைப்பு மையத்தில் பதினோரு வருடம்."
உங்களுக்கு யார் போனது என்று கேட்டுவிடுவார்களோ?
என் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள்.
போனவர்களெல்லாம்
என் வலது காது வழியாகப் போனவர்கள்.

முகம் தெரியாது எனக்கு.
தரையில் உருளும் கரண்டி தெரியும்.
யாரும் அணைக்காத வானிலை அறிக்கை தெரியும்.
"அம்மா உதடு நீலமா இருக்கு" என்று
பள்ளியில் நிறம் சொல்வதுபோல் சொன்ன குரல் தெரியும்.
பிறகு சைரன், கதவு,
"வந்துட்டாங்க."
வைத்துவிடுவார்கள்.
அந்தப் பிள்ளை அன்றிரவு எங்கே தூங்கியது?
கேட்க எனக்கு நேரமிருக்காது,
அடுத்த விளக்கு எரிந்திருக்கும்.

ஆகஸ்டில் மேலாளர் ஒரு சீட்டு தந்தார்.
பாரமாக இருந்தால் கூப்பிடு, ஒரு தொலைபேசி எண்.
சிரித்துவிட்டேன்.
மறுமுனையில் ஹெட்போனோடு ஒருத்தி இருப்பாள்,
அவள் காதில் நானுமா?
சீட்டு குளிர்பதனப் பெட்டியின் கதவில்
காந்தத்துக்கடியில் ஒட்டிக் கிடக்கிறது.

எதிரே ஒரு மனிதர், உர்போ.
மர ஆலைக் கைகள், ஒரு விரலுக்கு நகமில்லை.
கோப்பையைப் பார்த்தே பேசினார்.
"ஜனவரி. சமையலறைத் தரை.
எங்க வீட்டுக் குயில் கடிகாரம்
ஏழு மணிக்கு ஒன்பது தடவை கூவும்.
மார்க்கெட்டா அதைச் சரிசெய்ய விட்டதே இல்லை."

என் முழங்கால்கள் கனத்தன.
என் திரையில் ஏழு மணி.
காதில் ஒன்பது குயில்.
பத்து மாதமாக நினைத்திருந்தேன்,
அன்றைக்கு நான்தான் தப்பாகக் கேட்டேன் என்று.

"போன்ல ஒரு பொண்ணு எண்ணினா.
ஒன்று இரண்டு மூன்று நான்கு,
மறுபடி ஒன்று. நானும் கூடவே அழுத்தினேன்.
நடுவில நிறுத்திட்டேன்.
எவ்வளவு நேரம்னு தெரியல.
டாக்டர்கிட்ட சொல்லல. மகன்கிட்ட சொல்லல."

எனக்குத் தெரியும்.
பதினோரு வினாடி.
உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.
அந்தப் பதினோரு வினாடியில் அவர்
அவள் பாவாடையை முழங்கால் மூட இழுத்துவிட்டிருக்க வேண்டும்,
துணியின் சத்தம் கேட்டது,
"ஆட்கள் வராங்க" என்றார், அவளிடம்.
பிறகு எண்ணச் சொன்னார், என்னிடம்.

கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
ரொட்டியைப் பார்த்தேன்.
இர்மெலியின் ஈரக் காலணியைப் பார்த்தேன்.

"மறுபடி ஆரம்பிச்சீங்களா?"

வேலைக் குரலில் வந்துவிட்டது,
தட்டையாக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக.
உர்போ தலை நிமிர்ந்தார்.
பக்கத்து வாசிப்பறையில் யாரோ
நாற்காலியை இழுக்கும் வரை
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஆரம்பிச்சேன்" என்றார்.
"ஆம்புலன்ஸ்காரங்க என் கையைப் பிடிச்சு எடுக்கிற வரைக்கும்.
அவ போயிட்டா. விடியறதுக்குள்ள."

பதினோரு வருடத்தில்
முதன்முதலாக ஒரு முடிவு
என்னிடம் வந்து சேர்ந்தது.
நல்ல முடிவு இல்லை. ஆனாலும்
அதைக் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது.
தட்டை என் பக்கம் தள்ளினார்.
எடுத்தேன். காய்ந்திருந்தது.

வெளியே காரின் கண்ணாடியில் பனி இறுகியிருந்தது.
தன்னுடையதைச் சுரண்டி முடித்தவர்
கேட்காமலே என்னுடையதற்கு வந்தார்.
நான் உள்ளே. கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
அந்தக் கை போய் வந்தது, போய் வந்தது.
நான் எண்ணவில்லை.

"செவ்வாய்க்கிழமை வருவீங்களா?"
"இரவு ஷிஃப்ட்."
"அதுக்கு அடுத்த செவ்வாய்?"