ஒன்பது சென்டிமீட்டர் இன்ஜின்

இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் கெமிஸ்ட்
ஹிதாயத்துல்லா,
கண்காட்சிக்கு ஜெர்மனி போனபோது மகனுக்கு வாங்கியது.
பையன் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு
"இது எங்கியுமே போகாதா?" என்றானாம்.

போகாது.
ஊருக்குப் போகிற பெட்டிகளை
ஊருக்குப் போகிற வண்டியோடு கோத்துவிட்டு
பின்வாங்கி வந்து நிற்கும்.
காட்பாடியில் பார்த்திருக்கிறேன்,
கடைசி பிளாட்பாரத்துக்கும் அந்தப் பக்கம்
யாரும் ஏறாத, யாரும் கையசைக்காத ஒன்று
தள்ளிக்கொண்டே இருக்கும்.
பாகாயம் பஸ்ஸைத் தவறவிட்ட நாள்கள்
எனக்கு நிறைய.

டப்பாவோடு வைத்திருங்கள், விலை ஏறும் என்றார்.
அன்று இரவே
உப்புத்தாளை நனைத்து அதன் எண்ணைத் தேய்த்தேன்.
முதலில் மூன்று போனது, பிறகு எட்டு.
சிவப்பு கரைந்து
வாய் கொப்பளித்த தண்ணீர்போல் வழிந்தது.
தொழில் புத்தி.
உவமைகூட வாயிலிருந்துதான் வருகிறது.

நான் பல் செய்கிறவள்.
தோட்டப்பாளையத்தில் லேப்.
டாக்டர்கள் அளவெடுத்த வாய்கள்
பிளாஸ்டரில் வந்து சேரும்.
அகர்தலாக்காரர், மால்டாக்காரர், ஆற்காட்டு டீச்சர்.
பெயர் பைமேல் இருக்கும், முகம் வராது.

விளக்குக்குத் துளை போட்டது
பர் முனையின் மிகச் சின்னது.
கைப்பிடிகள், பல்லுக்குக் கிளிப் கட்டும் கம்பி.
உடைந்த படிக்கட்டை
ஈறு நிற அக்ரிலிக்கில் வளர்த்தெடுத்து
மேலே கறுப்பு அடித்தேன். அடியில் ஈறு இருப்பது
எனக்கும் கோகிலவாணிக்கும் தெரியும்.
மெழுகில் ஒரு டிரைவர்.
மூன்று மில்லிமீட்டர் முகத்தில் பல் வைக்க முடியுமா?
வாயை மூடிவிட்டேன்.

மே மாசம். பிரஷ் டப்பாவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில்
பெயின்ட் காய்ந்துவிடுகிற வெயில்.
பிளாஸ்டர் மேஜைக்கு மேலே நாலடிப் பலகை,
மூன்று கிளைப் பாதை, ஐந்து பெட்டி.
சீட்டுக் குலுக்கி, வந்த வரிசையில் பெட்டிகளை நிறுத்த வேண்டும்.
அதுதான் ஆட்டம்.

பாயின்ட்மேல் வந்து நின்றுவிடும்.
பாதை பிரிகிற இடத்தில் ஒரு நகக்கண் அளவு பிளாஸ்டிக்,
அங்கே கரண்ட் கிடையாது.
நாலே சக்கரம், எடையும் இல்லை,
வழி மறந்ததுபோல் நிற்கும்.
தள்ளுவதற்கென்றே பிறந்ததை
விரலால் தள்ளிவிட
கூச்சமாக இருந்தது.

"சாப்பிடாத அன்னிக்கு நீயும் இப்பிடித்தான் நிக்கிறே.
உள்ளே எதனா வெயிட்டு போடு" என்றாள் கோகிலவாணி,
பீங்கான் பொடியைக் குழைத்தபடி.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ந்து கிடந்தது
பல்லுக்கு வார்த்தது போக வெட்டியெறிந்த உலோகம்.
கிலோ கணக்கில் பழைய இரும்புக்காரருக்குப் போவது.
மெழுகில் அச்செடுத்து
உருக்கி ஊற்றினேன்.
மால்டாக்காரரின் கடைவாய் மிச்சம்,
டீச்சரின் முன்பல் மிச்சம்,
யார் யாரோ.
நாற்பத்தொரு கிராம்.
மோட்டாருக்குப் பின்னால் கச்சிதமாக உட்கார்ந்தது.

இப்போது தண்டவாளத்தைக் கவ்விப் போகிறது.
பத்துக்கு ஒன்பது தடவை.

எண் எழுதினேன்: 36.
எங்கள் கணக்கில் அது கீழ்த்தாடை, இடதுபக்கம், முதல் கடைவாய்ப்பல்.
நாங்கள் அதிகம் செய்வதும் அதையே.

ஆடியில் ஹிதாயத்துல்லா வந்தார்,
தனக்கே ஒரு பல்லுக்கு நிறம் பார்க்க.
பலகையை அண்ணாந்து பார்த்தார்.
"கெடுத்துட்டீங்களேம்மா. எழுநூறுக்குக்கூடப் போகாது."
நிறமாதிரியை அவர் உதட்டோரம் வைத்துக்கொண்டே
ஆமாம் என்றேன்.

பிறகு கன்ட்ரோலரைக் கேட்டார்.
ஒரு சீட்டு. இன்னொரு சீட்டு.
ராணிப்பேட்டை பஸ் ஒன்று போனது, அடுத்ததும்.
கோகிலவாணி உலையை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.
நான் அவருடைய பல்லின் பைமேல்
பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது தடவை.
மோட்டார் சத்தம் நின்றது.
நான் நிமிரவில்லை என்று நினைத்து
ஒற்றை விரலால்
மெதுவாகத் தள்ளிவிட்டார்.