முதல்நிலை உறவு

பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள்:
இவர்களில் எவருக்கேனும் குடல் அழற்சி உண்டா?
அண்ணன் பெயரை எழுதினேன். பேர்குர்.
கிளாக்ஸ்விக் துறையில் மீன்பெட்டி தூக்குகிறவன்,
போன குளிர்காலத்தில் பதினெட்டுக் கிலோ கரைந்தவன்.
கடலுக்கடியில் போகும் சுரங்கச் சாலையில்
வண்டியை நிறுத்து என்பான்.
அங்கே எங்கே நிறுத்துவது?

ரத்த சொந்தம் என்று சும்மா சொல்லிவிடுகிறோம்.
வெள்ளைப் பீங்கானில் அதன் நிறத்தை
அவன்தான் முதலில் பார்த்தான்.

மருத்துவர் எனக்கொரு எண் சொன்னார். சிறிய எண்.
நூறு தங்கைகளை வரிசையில் நிறுத்தினால்
சிலர் மட்டுமே.
எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் தங்கை.
எனக்கும் அவனுக்கும் ஒரே மூக்கு,
ஒரே மாதிரி வளைந்த சுண்டுவிரல்.

காலையில் பெய்னிர், ஆறு வயது,
பள்ளி வேண்டாம், வயிறு வலிக்கிறது என்றான்.
முன்பென்றால் சிரித்துக்கொண்டே காலணி மாட்டிவிடுவேன்.
இன்று மண்டியிட்டு
எங்கே, எங்கே என்று விரலால் தேடினேன்.
கூச்சம் தாங்காமல்
அவன் சிரித்தான்.

காற்றில் உலர்ந்த ஆட்டிறைச்சியோடு வந்த அப்பா
நின்றபடியே படிவத்தைப் படித்தார்.
முப்பது வருடம் மீன்பிடிக் கப்பலில் இருந்தவர்.
வீட்டில் இருந்தால் கழிப்பறையில் நெடுநேரம்,
பூட்டிய கதவுக்குப் பின்னால் வானொலி;
கேட்டால், கடல் வானிலை என்பார்.

என் கையிலிருந்து பேனாவை வாங்கி
பேர்குருக்கு மேலே, இடமில்லாத இடத்தில்,
ஹானுஸ் என்று எழுதினார்.

அப்போதே சொல்லியிருக்கலாமே, என்றேன்.

அப்போது காற்று பலமாக இருந்தது, என்றார்.